தாக்குதிறன் தொடரும் தூய நாகமும்

தாக்குதிறன் கூடிய உலோகங்கள் ஐதான அமிலங்களோடு தாக்கமுற்று உப்பையும் ஐதரசன் வாயுவையும் தரும் என்பது பாடசாலை இரசாயனத்தின் பால பாடம். மகனீசியம், அலுமினியம், நாகம், இரும்பு என இறங்கிச் செல்லும் தொடரை மனனஞ் செய்த மாணவன், ஐதரசனுக்கு மேலுள்ள எவ்வுலோகமும் அமிலத்திற் கரைந்தே தீரும் என நம்புகிறான். ஆனால், மிகத் தூய நாகத் துண்டொன்றை ஐதான சல்பூரிக்கமிலத்தில் இட்டால், சில குமிழிகள் அதில் ஒட்டி நிற்கும், அவ்வளவே. மாணவன் தான் கண்டதை விடுத்து, நூலிலுள்ள 'குமிழிகள் விரைந்தெழுந்தன' என்பதையே குறிப்பேட்டில் எழுதிவிடுகிறான். பரிசோதனை அங்கு பொருளிழந்துவிடுகிறது.

உண்மையில் தொடரும் பிழையன்று, கண்ணும் பிழையன்று. தாக்கம் நிகழ இடமுண்டா என்பதையே தொடர் கூறுகிறது. அது எவ்வளவு விரைவில் நிகழும் என்பதையன்று. நாகத்தின் நியம மின்வாயழுத்தம் −0.76 வோல்ற்று. எனவே ஐதரசன் அயன்களுக்கு இலத்திரன்களை வழங்க அது வல்லது. எனினும் அவ்வயன்கள் இலத்திரனை ஏற்று, இரண்டிரண்டாக இணைந்து வாயுவாவதற்கு ஏற்ற மேற்பரப்பு வேண்டும். நாகத்தின் மேற்பரப்பு இவ்வகையில் மிக மந்தமானது.

சாதாரண நாகம் விரைந்து கரைவதற்கு அதிலுள்ள மாசுகளே காரணம் என்பதை ஜெனீவாவைச் சேர்ந்த த லா றீவ் 1830 இல் எடுத்துக்காட்டினார். மாசுத் துணிக்கை ஒவ்வொன்றும் நாகத்தோடு சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகிறது. இதனை நாமே கண்டறியலாம். அமிலத்திலுள்ள தூய நாகத்தைச் செப்புக் கம்பியொன்றாற் தொட்டவுடன் குமிழிகள் பெருகும். ஆனால், அவை எழுவது செம்பின்மீது, கரைவதோ நாகம்! அமிலத்தோடு தாக்கமுறாத செம்பு, இலத்திரன்கள் வெளியேறும் வாயிலாக மட்டும் நிற்கிறது. கம்பிக்குப் பதிலாகச் சில துளி செப்புச் சல்பேற்றுக் கரைசலை இட்டாலும் நாகத்தின்மீது செம்பு படிந்து இதே விளைவைத் தரும்.

தயக்கத்துக்கு வேறு காரணங்களும் உள. அலுமினியத்தை அதன் ஒட்சைட்டுப் படலம் சிறிது நேரம் காக்கிறது. ஈயமும் ஐதரசனுக்கு மேலுள்ளதே. எனினும் சல்பூரிக்கமிலத்தில் கரையாத ஈயச் சல்பேற்று அதன்மீது படிந்து தாக்கத்தை நிறுத்திவிடும். 1746 இல் பேமிங்காமில் ஜோன் றோபக் சல்பூரிக்கமிலத்தைத் தயாரித்தது ஈயத் தகடுகளாலான அறைகளிலேயே.