டீக்கடைக்கு வந்த தந்தி

காலை 6 மணி. டீக்கடை பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பத்திரிகை ஒன்றுதான். அதைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒருவர் வாய்விட்டுப் படிக்கிறார். டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரரும் காது கொடுக்கிறார்.

தமிழ்நாட்டில் பல ஊர்களில் அந்தப் பத்திரிகை தினத்தந்தியாக இருக்கும். அதைத் தொடங்கியது யார்? அது எப்படி டீக்கடை வரை வந்தது?

முதலில் பெயரைப் பார்ப்போம். தந்தி என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அவசரச் செய்தியைக் கம்பி வழியாக அனுப்புவதுதான் தந்தி. ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. அதனால் நாலு சொல்லில் முடித்துவிடுவார்கள். ஊருக்குள் தந்தி வந்தால் வீட்டில் அழுகை தொடங்கிவிடும். சாவுச் செய்தியாக இருக்குமோ என்ற பயம். பிறகுதான் படிக்கத் தெரிந்தவரைத் தேடி ஓடுவார்கள். இந்தத் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது.

பத்திரிகையைத் தொடங்கியவர் சி. பா. ஆதித்தனார். திருச்செந்தூர் அருகே காயாமொழி என்ற ஊரில் 1905இல் பிறந்தார். லண்டன் சென்று சட்டம் படித்தார். சிங்கப்பூரில் வக்கீலாக இருந்தார். பிறகு ஊர் திரும்பினார். 1942 நவம்பர் 1ஆம் நாள் மதுரையில் 'தந்தி' என்ற நாளிதழைத் தொடங்கினார். அதுதான் பின்னர் தினத்தந்தி ஆனது.

ஏன் மதுரை? சென்னையில் அப்போதே சுதேசமித்திரன், தினமணி போன்ற நாளிதழ்கள் இருந்தன. ஆனால் அவை ரயில் ஏறித் தெற்கே வந்து சேர வெகு நேரமாகும். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்துக்காரர் கையில் கிடைக்கும்போது செய்தி பழசாகியிருக்கும். மதுரையில் அச்சடித்தால் சில மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

அது உலகப் போர் நடந்த காலம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரை ஜப்பான் பிடித்தது. அடுத்த மாதம் பர்மாவின் ரங்கூன் விழுந்தது. தென் மாவட்டங்களிலிருந்து பிழைக்கப் போனவர்கள் அந்த நாடுகளில் ஏராளம். மகன் உயிரோடு இருக்கிறானா, கணவர் திரும்புவாரா என்று இங்கே குடும்பங்கள் தவித்தன. போரில் இன்று என்ன நடந்தது என்பது அவர்களுக்கு வீட்டு விஷயம்.

ஆனால் பத்திரிகை அச்சிடக் காகிதம் இல்லை. போரினால் வெளிநாட்டுக் காகிதம் வருவது தடைபட்டது. ஆதித்தனார் வைக்கோலைக் கூழாக்கிக் கையாலேயே காகிதம் செய்யவைத்தார். முரட்டுத் தாள்தான். அதில்தான் அச்சடித்தார்கள்.

இன்னொரு பெரிய தடையும் இருந்தது. மக்களில் பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது. 1951இல் எடுத்த கணக்கின்படி இந்தியாவில் 100 பேரில் 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். அந்தக் காலப் பத்திரிகைத் தமிழோ கடினம். 'அக்கிராசனர்' என்று இருக்கும். கூட்டத் தலைவர் என்று பொருள். 'அபேட்சகர்' என்று இருக்கும். தேர்தலில் நிற்கும் வேட்பாளர்தான் அவர். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் இதையெல்லாம் பார்த்தால் தாளை மடித்து வைத்துவிடுவார்.

தந்தி வேறு வழியில் போனது. பேசுகிற தமிழைக் கொச்சை நீக்கி எழுத வேண்டும் என்பது ஆதித்தனாரின் முடிவு. சின்னச் சின்ன வாக்கியம். பெரிய எழுத்தில் தலைப்பு. நிறையப் படங்கள். லண்டனில் சாதாரண மக்கள் படித்த 'டெய்லி மிரர்' பத்திரிகை அவருக்கு முன்மாதிரி. தம் செய்தியாளர்கள் எப்படி எழுத வேண்டும் என்பதற்கு ஒரு கையேடும் எழுதினார்.

1960இல் 'கன்னித்தீவு' படக்கதை தொடங்கியது. சிந்துபாத்தின் கதை. தினமும் சில படங்கள்தான். மீதி நாளைக்கு! அது 20,000 நாட்களைத் தாண்டி ஓடியது. முடிவே இல்லாத வேலையைக் 'கன்னித்தீவு மாதிரி' என்று இன்றும் கேலி செய்கிறோம். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்குப் படக்கதை நல்ல துணை. படம் பாதி சொல்லிவிடும். மீதியை எழுத்தில் தேடிக்கொள்ளலாம்.

குறை சொல்பவர்களும் உண்டு. கொலை, கொள்ளை, கள்ளக்காதல் செய்திகளுக்கு இடம் அதிகம் என்பார்கள். பெண்களைப் பற்றிய செய்தியில் தேவையில்லாமல் 'அழகி' என்று போடுவதாகவும் சொல்வார்கள். இந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. அதே சமயம், 'டீக்கடைப் பத்திரிகை' என்று இளக்காரமாகப் பேசியவர்கள் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்காக எதையும் எழுதவில்லை.

1959இல் ஆதித்தனாரின் மகன் சிவந்தி ஆதித்தன் நிர்வாகப் பொறுப்புக்கு வந்தார். பல நகரங்களில் பதிப்புகள் பெருகின. ஊருக்கு ஊர் அச்சடிப்பதால் நம் மாவட்டத்துச் செய்தி நம் பதிப்பில் வரும். பெங்களூரு, மும்பை நகரங்களிலும் பதிப்பு வந்தது. 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் தினமும் 15 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ராணி வார இதழ், மாலைமலர், ஹலோ எஃப்.எம். வானொலி, 2012இல் தந்தி டி.வி. என்று நிறுவனமும் வளர்ந்தது. சிவந்தி ஆதித்தன் 2013இல் காலமானார். அதன்பின் அவருடைய மகன் நிறுவனத்தை நடத்துகிறார். தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை.

சரி, இந்தப் பெரிய நிறுவனத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? நாம் கொடுக்கும் காசு போதாது. பொதுவாக ஒரு நாளிதழை அச்சிட்டு அனுப்பும் செலவு அதன் விலையைவிட அதிகம். மீதியை விளம்பரங்கள் தருகின்றன. துணிக்கடை, நகைக்கடை, அரசாங்கம், அரசியல் கட்சி எல்லாரும் விளம்பரம் தருகிறார்கள். பணம் தருபவரைப் பற்றிக் கெட்ட செய்தி போட எந்தப் பத்திரிகைக்கும் சற்றுத் தயக்கம் இருக்கும்.

உரிமையாளருக்கும் கருத்து உண்டு. ஆதித்தனார் 1958இல் 'நாம் தமிழர்' என்ற கட்சியைத் தொடங்கினார். 1967இல் தமிழகச் சட்டமன்றத்தின் சபாநாயகர் ஆனார். பின்னர் அமைச்சராகவும் இருந்தார். 1981இல் மறைந்தார். இப்படி அரசியலில் இருப்பவர் பத்திரிகை நடத்துவது தமிழ்நாட்டில் புதிதல்ல. ஒரே கூட்டத்தைப் பற்றி ஒரு பத்திரிகை 'மக்கள் வெள்ளம்' என்று எழுதும். இன்னொன்று 'காலி நாற்காலிகள்' என்று எழுதும். இரண்டையும் படித்துப் பாருங்கள்.

நாளைக் காலை எந்தப் பத்திரிகை கையில் கிடைத்தாலும், அதில் பொடி எழுத்தில் உள்ள சில வரிகளைத் தேடுங்கள். பெரும்பாலும் ஒரு பக்கத்தின் அடியில் இருக்கும். அச்சிட்டவர் யார், வெளியிட்டவர் யார், ஆசிரியர் யார், எந்த ஊரில் அச்சானது என்று அதில் போட்டிருக்கும். 1867ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த வழக்கம் இது. எழுத்து மிகச் சிறியது. கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.