மிட்டாய்க்காரர் பறந்தார், தச்சர் எங்கே?

வானத்தில் விமான ஓசை கேட்டால், லாஸ்பேட்டைப் பக்கம் வேலைக்குப் போகும் தொழிலாளி இன்றும் வண்டியை ஓரங்கட்டி அண்ணாந்து பார்க்கிறான். அந்த ஆசையில் ஏழை, பணக்காரன் என்ற பேதம் கிடையாது. பேதமெல்லாம் டிக்கட்டில்தான்! ரப்பர் செருப்புப் போட்டவனும் இனி விமானத்தில் பறப்பான் என்று 2017இல் டில்லி ஆட்சியாளர் முழங்கினர். அவ்வாண்டு ஆகஸ்டில் புதுவையிலிருந்து ஐதராபாத்துக்கு விமானம் கிளம்பிற்று, பிறகு நின்றது, 2024 டிசம்பரில் வேறொரு கம்பெனி வந்து மறுபடி தொடங்கிற்று. செருப்புப் போட்டவர் எத்தனை பேர் ஏறினர் என்ற கணக்கை மட்டும் யாரும் நம்மிடம் காட்டவில்லை.

நிற்க. பறக்கவேண்டும் என்ற பித்துப் பிடித்த ஒருவரைப் பற்றியே இன்று எழுத வந்தோம். அவர் சீமானும் அல்லர், தளபதியும் அல்லர், விஞ்ஞானியும் அல்லர். மிட்டாய்க்காரர்!

ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ் என்பது அவர் பெயர். ஐரோப்பாவிலிருந்து மதராசுக்கு வந்து, 1880இல் இனிப்புக் கடை திறந்தார். கடைக்கு ‘மேசோன் பிரான்சேஸ்’ என்று பெயர். புதுவைக்காரருக்கு அதன் பொருளைச் சொல்லவேண்டியதில்லை. கடை வளர்ந்து மவுண்ட் ரோட்டில் பெரிய ஓட்டலாயிற்று. ஆகவே அவரும் ஒரு முதலாளிதான், மறைக்கவில்லை. ஆனால் பணம் சேர்ந்த பின் பங்களாவும் குதிரைப் பந்தயமும் தேடுகிற கூட்டத்தில், இவர் வானத்தைத் தேடினார்.

1909 ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயைச் சுமார் 37 நிமிடத்தில் பறந்து கடந்தார். உலகமே கைதட்டியது. கைதட்டியதோடு நிற்கவில்லை மதராஸ் மிட்டாய்க்காரர். கடை திறந்து முப்பதாண்டு ஆகப்போகிற வயதில், தாமே ஒரு விமானத்துக்குத் திட்டம் வரைந்தார். வரைந்ததைச் சிம்ப்சன் கம்பெனியிடம் கொடுத்தார்.

சிம்ப்சன் என்றால் நம் தொழிலாளருக்குத் தெரியும். 1840இல் தோன்றிய அந்தக் கம்பெனி அப்போது குதிரை வண்டி கட்டுவதில் பேர் பெற்றது. 1903இல் நீராவிக் கார் ஒன்றும் அங்கே உருவாயிற்று. ஆனால் விமானம்? அந்தப் பட்டறையில் எவரும் அதைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார். அக்காலத்து விமானம் என்பது மரச்சட்டம், முறுக்கிக் கட்டிய கம்பி, இழுத்துத் தைத்த துணி. சட்டம் ஒரு நூல் பிசகினால் ஏறுகிறவன் உயிர் போகும். வண்டிச் சக்கரம் செய்த கைகள் இறக்கை செய்தன!

1910 மார்ச்சில் பல்லாவரத்தில், சிறிய எஞ்சினோடு அது தரையை விட்டு எழும்பியது. பிறகு தீவுத்திடலில், கட்டணம் வசூலித்து, மக்களுக்கும் பறந்து காட்டினார். (ஓட்டல்காரர் அல்லவா, டிக்கட் போட மறப்பாரா?)

இது நடந்து ஏறத்தாழ ஓராண்டு கழிந்து, 1911 பிப்ரவரி 18இல், ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சு இளைஞர் அலகாபாத்திலிருந்து யமுனையைக் கடந்து நைனிக்கு 6,500 கடிதங்களைக் கொண்டுபோனார். அது சர்க்கார் கண்காட்சி. தபால் முத்திரை இருந்தது. ஆகவே அது பாடப்புத்தகத்தில் ஏறிற்று. பல்லாவரத்துக்கு முத்திரை ஏது? டி'ஏஞ்சலிசின் ஓட்டல் கைமாறி பொசோட்டோ ஆனது. அவர் பெயரைச் சென்னையின் பழங்கதை எழுதுவோர் சிலரே காப்பாற்றி வைத்தார்கள்.

அவர் பெயராவது மிஞ்சியது. சட்டம் இழைத்த தச்சர் யார்? துணி தைத்தவர் யார்? எஞ்சினைப் பூட்டிய பிட்டர் யார்? முதலாளியின் பெயரும் கம்பெனியின் பெயரும் ஏட்டில் இருக்க, இவர்கள் பெயர் எங்கே போயிற்று? சவானா, ரோடியர் ஆலைகளில் நெய்தவர்கள் பெயரில்லாமல் மறைந்ததைக் கண்ட புதுவைக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

சிம்ப்சன் பட்டறையில் தலைமுறை தலைமுறையாய் உழைத்த குடும்பங்கள் புதுவையிலும் சென்னையிலும் இருக்கக்கூடும். “எங்கள் தாத்தாவின் அப்பா விமானத்துக்கு மரம் இழைத்தாராம்” என்று வீட்டில் யாராவது சொல்லக் கேட்டிருந்தால், தோழர்களே, எழுதி அனுப்புங்கள். பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிடுகிறோம்.