பழைய இத்தாலியப் பந்தய சைக்கிளின் வயதை அறிதல்

பழைய இத்தாலியப் பந்தய சைக்கிள் ஒன்றின் பிறப்பிடத்தையும் ஆண்டையும் கணிக்க முற்படுவோர், மீண்டும் மீண்டும் பூசப்பட்டிருக்கக்கூடிய வண்ணத்தையும் எளிதில் மாற்றத்தக்க ஒட்டுப்படங்களையும் நம்பாமல், உலோகத்திலேயே தங்கியுள்ள சான்றுகளைத் தேடுவதே முறையாகும். அவற்றுள் முதன்மையானது, பெடல்களின் அச்சைத் தாங்கும் கூடு ஆகும். இத்தாலிய மரபில் அதன் அகலம் 70 மில்லிமீட்டர். அதன் இரு புறங்களிலும் மரை வலஞ்சுழியாகவே அமைந்திருக்கும். ஆங்கிலேய மரபிலோ அகலம் பெரும்பாலும் 68 மில்லிமீட்டராகவும் வலப்புற மரை இடஞ்சுழியாகவும் இருப்பதால், இரண்டையும் பிரித்தறிவது எளிது.

சட்டகம் எந்நாட்டு மரபினது என்பதைக் கூடு காட்ட, காலத்தை உதிரிபாகங்கள் காட்டுகின்றன. விச்சென்சா நகரில் துல்லியோ காம்பன்யோலோ 1933-இல் நிறுவிய தொழிலகம், 1970-களில் தன் ‘நுவோவோ ரெக்கார்ட்’ பின் கியர் மாற்றியின் மேற்பகுதியில், காப்புரிமையைக் குறிக்கும் ‘பேட்.’ என்ற சுருக்கத்தை அடுத்து ஆண்டின் கடைசி இரு இலக்கங்களைப் பொறித்தது. ஆகவே அங்கு 74 என்றிருப்பின், அப்பாகம் பெரும்பாலும் 1974-ஐ ஒட்டியது எனக் கொள்ளலாம். சக்கர அச்சின் பூட்டு நட்டிலும் இத்தகைய எண் காணப்படுவதுண்டு.

எனினும், பாகங்கள் பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால், ஒரே எண்ணைக் கொண்டு முடிவு கட்டலாகாது. பின் சக்கரம் பொருந்தும் இடைவெளி 120 மில்லிமீட்டராக இருந்தால் ஐந்து பற்சக்கரக் காலத்தையும், 126 எனில் அதற்குப் பிந்திய காலத்தையும் சுட்டும். இச்சான்றுகள் அனைத்தும் ஒத்துப்போகும்போதே கணிப்பு உறுதிபெறும்.