வசனப் புத்தகம் இல்லாத நாடகம்

நம் சங்கத்து நாடகப் பிரிவுக்கு 21 ஆண்டுகள் செயலாளராக இருந்தவன் என்ற முறையில், மும்பைத் தமிழ் நாடகம் பற்றி ஒரு கட்டுரை தாருங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். நான் எழுத விரும்பியது வேறு. வசனம் எழுதாமல், ஒத்திகை பார்க்காமல், பார்வையாளர் சொல்லும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று பேர் அந்த நிமிஷமே நகைச்சுவைக் காட்சி ஒன்றை நடத்திக் காட்டுகிறார்களே, 'இம்ப்ராவ்' என்று, அதைப் பற்றியும் அதைப் பழக்கும் பயிற்சிப் பட்டறைகளைப் பற்றியும் எழுதப் போகிறேன். வசனப் புத்தகத்தோடு படுதாவுக்குப் பின்னால் அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த ஆள் இதை எழுதுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

முதலில் நம் வீட்டுச் சங்கதி. 1990-களில் நான் எழுதிக் கொடுத்த வசனத்தைப் பிள்ளைகள் தாங்களே தமிழில் படித்து மனப்பாடம் செய்தார்கள். போகப் போகத் தமிழ் எழுத்து தெரிந்த பிள்ளைகள் குறைந்தார்கள். நாகரியிலும் ஆங்கில எழுத்திலும் வசனம் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நாகரியில் எங்கள் ழகரம் ளகரமாகிவிடும். ஆங்கில எழுத்தில் அது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். அம்மாக்கள் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுக்க, பிள்ளைகள் ஒப்பித்தார்கள். 2014 பொங்கல் விழா ஒத்திகையில் பத்து வயதுப் பெண் ஒருத்தி 'வாழைப்பழம்' என்ற சொல்லில் தடுமாறினாள். எல்லார் முன்னாலும் ஏழெட்டு தடவை அவளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். நல்ல எண்ணத்தில்தான். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. வீட்டிலேயே தமிழ் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள் என்று அவள் அம்மா ஒருநாள் மார்க்கெட்டில் பார்த்தபோது சொன்னார். இதை வேறு யார் தலையிலும் போட எனக்கு வழியில்லை.

2019-இல் என் அக்கா மகள், "மாமா, சும்மா வந்து பாருங்க, பிடிக்கலைன்னா கிளம்பிடலாம்" என்று அந்தேரியில் நடந்த ஒரு பட்டறைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஆறு ஞாயிறு, ஒவ்வொரு ஞாயிறும் இரண்டரை மணி நேரம். மொத்தம் 14 பேர். என்னைத் தவிர எல்லாரும் முப்பது வயதுக்குக் கீழே. இந்தியும் ஆங்கிலமும் கலந்த மும்பைப் பேச்சு. நானோ பட்டிமன்றத்தில் பெயர் வாங்கியவன். பதிலடி கொடுப்பதில் யாருக்கும் சளைத்தவன் அல்ல என்ற நினைப்போடு போனேன்.

முதல் நாளே அந்த நினைப்பு போயிற்று. ஒரு பெண் பதறி ஓடி வந்து, "டாக்டர் சாப், என் ஆடு என் தாலியை விழுங்கிடுச்சு" என்று இந்தியில் ஆரம்பித்தாள். நான் சட்டென்று, "அம்மா, நான் டாக்டர் இல்லை, பேங்க் மேனேஜர்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் வாயடைத்து நின்றாள். பயிற்சி தந்தவர் என் மகளை விடச் சின்னவர். "அங்கிள், சிரிப்பு உங்களுக்குக் கிடைச்சுது. அவளுக்கு என்ன மிச்சம்?" என்று கேட்டார். காட்சிக்குத் தேவையான மூன்று விஷயங்களை அந்தப் பெண் ஒரே வரியில் கொடுத்திருந்தாள்: நான் யார், அவள் யார், என்ன சிக்கல். மூன்றையும் நான் தட்டிவிட்டேன். இந்தக் கலையில் எதிராளி சொல்வதெல்லாம் கொடை. அதை ஏற்க வேண்டும், ஏற்றதோடு தன் பங்குக்கு ஒன்று சேர்க்க வேண்டும். "ஆட்டுக்கு எத்தனை பவுன் பிடிக்கும்னு எழுதிக்கிட்டீங்களா?" என்று கேட்டிருந்தால்கூடப் போதும், வண்டி ஓடியிருக்கும். பட்டிமன்றம் வெட்டிப் பேசக் கற்றுத் தருகிறது. இங்கே ஒட்டிப் பேச வேண்டும். 63 வயதில் அதைப் பழகுவது லேசான காரியமில்லை.

இந்த விளையாட்டுகள் எங்கிருந்து வந்தன என்று பிறகு தேடிப் படித்தேன். படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இவற்றை உருவாக்கியவர் வயோலா ஸ்போலின் (1906–1994), சிகாகோவில் ரஷ்ய யூதக் குடியேறிகளின் குடும்பத்தில் பிறந்தவர். அந்த ஊரில் 'ஹல் ஹவுஸ்' என்று ஒரு சமூக இல்லம் 1889 முதல் நடந்து வந்தது. இத்தாலி, கிரேக்கம், போலந்து என்று எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்த குடும்பங்கள் நெருக்கி வாழ்ந்த பகுதி அது. அங்கே நெவா பாய்ட் என்ற அம்மையார் விளையாட்டு மூலம் கற்பிக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். 1920-களில் அவரிடம் பயின்றவர் ஸ்போலின். 1930-களின் இறுதியில் அமெரிக்க அரசின் வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றில் அவர் சிகாகோவில் நாடகம் பழக்கினார். எதிரே இருந்தவர்களுக்குப் பொது மொழி சரியாக இல்லை. ஆங்கிலத்தில் வசனம் மனப்பாடம் செய்யச் சொன்னால் பயம். ஆகவே வசனத்தை விட்டுவிட்டு விளையாட்டைப் பிடித்தார். நகைச்சுவை அரங்குக்காகப் பிறந்தவை அல்ல இந்த விளையாட்டுகள். பிழைக்கப் போன இடத்தில் நாக்கு தடுமாறிய குடும்பங்களுக்காகப் பிறந்தவை. நம் சங்கத்து வியாதிக்கு 80 ஆண்டுக்கு முன்பே மருந்து எழுதி வைத்திருக்கிறார்கள்!

அவர் மகன் பால் சில்ஸ் அதே விளையாட்டுகளைப் பெரியவர்களின் மேடைக்குக் கொண்டுபோனார். 1955-இல் 'காம்பஸ் பிளேயர்ஸ்', 1959 டிசம்பரில் 'செகண்ட் சிட்டி'. ஸ்போலினின் பயிற்சி நூல் 1963-இல் வந்தது. மற்றொரு கிளை லண்டனில் கீத் ஜான்ஸ்டன் (1933–2023) என்பவரிடமிருந்து கிளைத்தது. அப்போது இங்கிலாந்தில் நாடகப் பிரதியை முன்கூட்டியே தணிக்கைக்குக் கொடுக்க வேண்டும். எழுதாத நாடகத்துக்கு எந்தப் பிரதியைக் கொடுப்பது? மேடையில் வகுப்பு நடப்பது போலக் காட்டிச் சமாளித்தார்கள். 1968-இல் அந்தத் தணிக்கை ஒழிந்தது. ஜான்ஸ்டன் பிறகு கனடா போய் கால்கரியில் குழு அமைத்தார்.

நம்மிடம் இது இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, இருக்கிறது. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் மற்றோர் ஊரிலிருந்து தனித்தனியாக 'புக்' ஆகி வருவார்கள். ஒன்றாக ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்கு மேல் மேடையில் சந்தித்து விடிய விடிய வள்ளி திருமணம் நடத்திவிட்டுப் போவார்கள். பபூன் முதலில் தனியாக வந்து மிருதங்கக்காரரிடம் வம்பளப்பதைச் சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். ஆனாலும் இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிடக் கூடாது. ஸ்பெஷல் நாடகக்காரர்களுக்குக் கதை தெரியும், பாட்டு தெரியும், தர்க்கத்துக்கு வேண்டிய வசனம் பரம்பரையாக மனதில் இருக்கும். இடையிடையேதான் சொந்தச் சரக்கு. சிகாகோ முறையில் அந்த முதலும் கிடையாது.

பட்டறையில் என்னதான் செய்கிறார்கள்? முதல் அரை மணி சுத்தச் சிறுபிள்ளை விளையாட்டு. வட்டமாக நின்று கைதட்டலை ஒருவர் அடுத்தவருக்கு 'அனுப்புவார்'. தவறவிட்டவர் தலைகுனியக் கூடாது. இரண்டு கையையும் தூக்கி வெற்றி பெற்றவர் போலக் கும்பிட வேண்டும், மற்றவர்கள் கைதட்ட வேண்டும். எனக்கு முதலில் இது அசட்டுத்தனமாகப் பட்டது. நான்காவது வாரம்தான் புரிந்தது, தப்பு செய்தால் உடம்பு சுருங்கும் பழக்கத்தை இது உடம்பிலிருந்தே எடுத்துவிடுகிறது. அப்புறம் கண்ணாடி விளையாட்டு: எதிரே நிற்பவர் அசைவதை அப்படியே அசைய வேண்டும், கொஞ்ச நேரத்தில் யார் யாரைப் பார்த்துச் செய்கிறார்கள் என்பதே தெரியாமல் போகும். பிறகு ஆளுக்கொரு வார்த்தையாகக் கதை சொல்வது. இதில் புத்திசாலிகள்தான் திணறுவார்கள். நாலு வார்த்தை முன்னதாகவே யோசித்து வைத்திருப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் வேறு சொல்லைச் சொல்லிக் கதையைத் திருப்பிவிடுவார். காது கொடுத்துக் கேட்பது ஒன்றுதான் வழி.

ஜான்ஸ்டனிடமிருந்து வந்தது 'அந்தஸ்து' பயிற்சி. சீட்டுக்கட்டிலிருந்து ஆளுக்கொரு சீட்டு. ராஜா வந்தவர் ராஜாவாக, இரண்டு வந்தவர் அடிமட்டமாக நடந்துகொள்ள வேண்டும். சீட்டைக் காட்டக் கூடாது. வீட்டுக்காரருக்கு இரண்டும் குடித்தனக்காரருக்கு ராஜாவும் விழுந்துவிட்டால் போதும், வாடகை கேட்டு வந்தவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவார். சிரிப்பு அங்கே தானாக வருகிறது. சிரிக்க வைக்க வேண்டும் என்று வலிந்து செய்தால் வருவதில்லை.

2023-இல் நம் சங்க மாடி ஹாலில் ஆறு ஞாயிறு இதை நடத்திப் பார்த்தோம். அக்கா மகள்தான் நடத்தினாள். 12 பேர், 11 வயது முதல் 68 வயது வரை. பேச்சு தமிழில்தான், எந்தத் தமிழாக இருந்தாலும் சரி என்பது ஒன்றே நிபந்தனை. பெற்றோர் உள்ளே உட்கார அனுமதி இல்லை. இதற்கு வந்த முணுமுணுப்பு கொஞ்சமல்ல. ஆனால் அம்மா பார்க்கிறாள் என்றால் பிள்ளை வாய் திறக்காது. யாருடைய சாதி, நிறம், உருவம் பற்றியும் கேலி கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அவசரத்துக்குக் கைக்கு எளிதாக அகப்படும் நகைச்சுவை அதுதான், நம் சினிமா பழக்கிய புண்ணியம்.

தம்பியைக் கொண்டுவிட வந்தவள், 2014-இல் போனவளே அந்தப் பெண், மூன்றாவது வாரம் தானும் வட்டத்தில் நின்றாள். காட்சி: பாட்டி, பேத்தி. பாட்டியாக 68 வயது மாமி. நச்சரிப்பு தாங்காமல் அந்தப் பெண், "பாட்டி, என் மூளையைச் சாப்பிடாதீங்க" என்றாள். இந்தியில் சொல்வதை அப்படியே தமிழாக்கிவிட்டாள். என் கை பழைய பழக்கத்தில் பேனாவைத் தேடியது. மாமி அசரவில்லை: "இன்னிக்கு ஏகாதசிடி. நாளைக்குத்தான் சாப்பிடுவேன்." அந்தப் பெண் ஒரு கணம் நிறுத்தி, "அப்போ ஃப்ரிட்ஜ்ல வெச்சிடட்டுமா?" என்றாள். ஹாலே அதிர்ந்தது. நான் திருத்தியிருந்தால் ஒரு வாக்கியம் சரியாகியிருக்கும். அந்தக் காட்சி கிடைத்திருக்காது.

ஸ்போலின் முறையில் பயிற்சி தருபவர் ஆட்டத்தை நிறுத்தாமல் ஓரத்தில் நின்று குரல் கொடுப்பார்: "பார்த்துப் பேசு", "கையில என்ன இருக்கு?" என்று. நானும் ஓரத்திலிருந்து குரல் கொடுத்தவன்தான். ஆனால் அவர்களுடைய வரியை நான் சொன்னேன். இங்கே வரி அவர்களுடையதாகவே இருக்கிறது. நாங்கள் இன்னும் சரியாகச் செய்யாத பகுதியும் இதுதான்; நம் ஆட்கள் "நல்லா இருக்கு", "நல்லா இல்லை" என்று மார்க் போடாமல் ஓரத்தில் நிற்கத் தடுமாறுகிறார்கள். நானும்தான்.

ஐந்தாவது வாரம் சீட்டுப் பயிற்சி. அவளுக்கு ராஜா, எனக்கு மூன்று. இடம் பள்ளிக்கூடம் என்று யாரோ சொன்னார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, "எங்கே, வாழைப்பழம் சொல்லு" என்றாள். நான் "வாளப்பளம்" என்றேன். "இன்னொரு வாட்டி." ஏழெட்டு தடவை சொன்னேன். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அவளும்தான். முடிந்ததும் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, "மாமா, நீங்க நல்லா பண்ணினீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். 'வாழைப்பழம்' என்று அவளும் அன்று சரியாகத்தான் சொன்னாள்; கவனித்தேன், சொல்லவில்லை.

அவளும் தம்பியும் இப்போதும் வருகிறார்கள். எழுதிய நாடகத்தை நிறுத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நல்ல தமிழ் வசனம் காதில் விழவும் வேண்டும். வருகிற பொங்கல் விழாவில் பிள்ளைகளின் இம்ப்ராவுக்கு 20 நிமிடம் கேட்டிருக்கிறேன். என்ன பேசப் போகிறார்கள் என்று முன்கூட்டியே எழுதித் தரும்படி செயற்குழு கேட்டிருக்கிறது.