எண்ணமா, உண்மையா?

“கணக்கில் 31 மதிப்பெண்தான். இனி என் படிப்பு அவ்வளவுதான்! மில்லில் இரவு ஷிப்டு பார்த்து என்னைப் படிக்க வைக்கும் அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்?”

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் வந்த அன்று எங்கள் தோழி ஒருத்தி இப்படிச் சொல்லி அழுதாள். பிறகு மூன்று நாட்கள் பள்ளிக்கே வரவில்லை. நாங்களும் அவளுடன் சேர்ந்து அழுதோமே தவிர, அவள் சொன்னதில் எது உண்மை, எது வெறும் எண்ணம் என்று பிரித்துப் பார்க்கவில்லை.

அப்படிப் பிரித்துப் பார்க்கக் கற்பித்தவர்களுள் ஒருவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் (1921–2021). மனச்சோர்வுற்றவர்களின் உள்ளத்தில் சில எண்ணங்கள் தாமாகவே மின்னலைப் போல் எழுவதையும், அவர்கள் அவற்றை ஆராயாமல் நம்பிவிடுவதையும் அவர் கண்டார். 1960களில் அவர் வகுத்த சிகிச்சை முறை இன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது.

இத்தகைய எண்ணங்கள் நமக்கும் வருகின்றன. முதல் மதிப்பெண் இல்லையென்றால் பூஜ்யம் என்று நினைக்கிறோம். ஒரு முறை தவறினால் “எப்போதும் இப்படித்தான்” என்கிறோம். காந்திபுரம் பேருந்து நிலையத்தில் யாரோ இருவர் சிரித்தால், நம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று முடிவு கட்டுகிறோம். நாளை நடக்கப் போவதை இன்றே ஜோசியம் சொல்கிறோம்.

இதற்கு என்ன வழி? அந்த எண்ணத்தை ஒரு தாளில் எழுதி, மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இதற்குச் சான்று என்ன? இதற்கு எதிரான சான்று என்ன? இதே நிலையில் தோழி இருந்தால் அவளிடம் என்ன சொல்வோம்?

நான்காம் நாள் அவள் வந்ததும் அப்படியே எழுதினோம். 31 என்பது உண்மை. தேர்ச்சிக்கு இன்னும் 4 மதிப்பெண் தேவை என்பதும் உண்மை. ஆனால் வரைபடத்திலும் வடிவியலிலும் அவள் முழு மதிப்பெண் பெற்றிருந்தாள், குறைந்தது இயற்கணிதத்தில்தான். பொதுத் தேர்வில் தவறினாலும் அதே ஆண்டில் துணைத் தேர்வு உண்டு. ஆகவே, “படிப்பு முடிந்தது” என்பதற்குச் சான்றே இல்லை! “இயற்கணிதம் படிக்க வேண்டும்” என்பதே மிஞ்சியது.

தோழியரே! இது “எல்லாம் நலமே” என்று நம்மையே ஏமாற்றிக்கொள்வதன்று. உள்ளதை உள்ளபடி காண்பதே ஆகும்.

ஆனால் உறக்கமும் உணவும் கெட்டு, துயரம் இரண்டு வாரம் நீடித்தால் தாளும் பேனாவும் போதா. அம்மாவிடமோ, சிஸ்டரிடமோ, ஆசிரியையிடமோ மனம் திறந்து சொல்ல வேண்டும். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. 2022இல் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

பெற்றோரே! பிள்ளை அழும்போது “இதற்கெல்லாமா அழுவது?” என்று கேட்காதீர்கள். “என்ன நினைத்து அழுகிறாய், கண்ணு?” என்று கேளுங்கள். எங்கள் தோழியின் அப்பா அப்படித்தான் கேட்டாராம்.

அவள் இப்போது தினமும் மாலையில் எங்களோடு அமர்ந்து இயற்கணிதம் போடுகிறாள். பொதுத் தேர்வு இனிமேல்தான் வரவிருக்கிறது.