உங்களுக்குத் தெரியுமா? இரண்டு வாரம் நிற்காத இருமல்

இலங்கையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 14,000 பேருக்குக் காசநோய் வருகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மார்புநோய் சிகிச்சை நிலையங்களின் பதிவில் ஏறுகிறவர்கள் எட்டு, ஒன்பதாயிரம் பேர்தான். மிச்சப் பேர் எங்கே? பரந்தன் வீதியில் ஓடும் பஸ்ஸில், சந்தையில், நம் பக்கத்து வளவில் இருமிக்கொண்டிருக்கிறார்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கும் இந்தச் சிறு தீவில் ஆளைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு.

*

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையானால் மெல்லிய காய்ச்சல், இரவில் வியர்வை, பசியின்மை, உடல் மெலிவு. இவை இருந்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். ஜீன்எக்ஸ்பேர்ட் இயந்திரம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் கிருமி உண்டா, அது ரிபாம்பிசின் மருந்துக்கு அடங்குமா என்று இரண்டையும் சொல்லிவிடும். இருமல் பாணியை மாற்றி மாற்றிக் குடித்து மாதங்களைக் கடத்துகிறவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது.

*

இறுதிப் போரின்போது, 2009 பெப்ரவரித் தொடக்கத்தில், புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீண்டும் மீண்டும் எறிகணைத் தாக்குதலுக்கு உள்ளானது. நோயாளர்களைப் புதுமாத்தளனுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு பதுங்குகுழி, அதன் பிறகு மெனிக்பாம் முகாமின் கூடாரங்கள். நெருக்கம், அரைவயிறு, காற்றோட்டமின்மை என்று காசநோய்க் கிருமிக்கு வாய்ப்பான எல்லாம் அங்கே இருந்தன. உடலுக்குள் போன கிருமி உடனே நோயாக வேண்டும் என்றில்லை. தொற்றியவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் நோய் வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் வந்துவிடும். சிலருக்குப் பல பத்தாண்டு உறங்கிக் கிடந்து, முதுமையிலோ நீரிழிவிலோ உடல் தளரும்போது எழும்பும். வன்னியில் ஒரு முதியவர் இன்று இருமினால் அதை வயதின் இருமல் என்று தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இது போதிய காரணம்.

*

நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு.

*

காசநோயாளியை வீட்டில் வைத்திருக்கலாம் என்று உலகத்துக்கு நிரூபித்த ஊர் சென்னை. 1956 இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நெருக்கமான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளர்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியினருக்கு நல்ல உணவும் ஓய்வும் தாதியர் பராமரிப்பும் உள்ள சானடோரியம். மற்றவர்களுக்கு அதே மருந்து, தங்கள் வீட்டிலேயே. ஓராண்டு முடிவில் இரு பகுதியினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959 இல் இந்த முடிவு வெளியானபின், சானடோரியங்களின் தேவை உலகெங்கும் குறையத் தொடங்கியது. தமிழ் மண்ணில் நடந்த மருத்துவ ஆய்வுகளில் இதற்கு ஈடானது இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகமே.

*

எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1948 இல், 42 வயதில் காசநோய்க்குப் பலியானார். அந்நோய்க்கான முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943 இலேயே அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது.

*

இலங்கையில் பிறக்கும் குழந்தை வைத்தியசாலையை விட்டு வீடு போகுமுன்பே பிசிஜி ஊசி போடப்படுகிறது. கையிலுள்ள அந்தத் தழும்பைக் காட்டி "எனக்குக் காசம் வராது" என்று சொல்வது தவறு. தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968 இல் தொடங்கி, ஏறத்தாழ மூன்றரை இலட்சம் மக்களை உட்படுத்திய ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசத்தை இந்த ஊசி தடுக்கவில்லை என்று காட்டியது. சிறுபிள்ளைகளை மூளைக்காய்ச்சலாக வரும் கொடிய காசத்திலிருந்து அது காக்கிறது. அதற்காகவே அது தொடர்கிறது. தவறாமல் தொடரவும் வேண்டும்.

*

சிகிச்சை வழமையாக ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பின் நான்கு மாதம் இரண்டு. ரிபாம்பிசின் குடிக்கும்போது சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். பயந்து நிறுத்த வேண்டியதில்லை. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: இரண்டாம் மாதத்தில் இருமல் அடங்கும், சோறு செல்லும், வயல் வேலையும் கடல் தொழிலும் கூப்பிடும். அப்போது குளிசையை விட்டவரிடம் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகலாம். பிறகு மருத்துவம் கடினம், பக்க விளைவும் அதிகம். ஒருவர் கண்முன் குளிசையை விழுங்க வைக்கும் முறை, நோயாளரை அவமதிக்க வந்ததன்று. அவர் பாதியில் நின்றுவிடாமல் துணை நிற்க வந்தது.

*

கோப்பை, தட்டு, உடுப்பு, கைகுலுக்கல், இவற்றால் காசநோய் பரவாது. மூடிய அறையின் காற்றால் பரவும். யன்னலைத் திறந்தால் கிருமி கலைந்து போகும். வெயில் அதைக் கொல்லும். முறையான மருந்து தொடங்கி இரண்டு வாரமளவில் பெரும்பாலானோரிடமிருந்து தொற்றும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதன் பிறகும் தனித்தட்டு, தனிப்பாய் என்று ஒதுக்குவதும், கலியாணப் பேச்சில் மறைக்க வேண்டிய குறையாக இதைக் கருதுவதும் ஆட்களைக் கிளினிக்குக்கு வரவிடாமல் துரத்துகின்றன.

*

2018 இல் மார்ஷல் தீவுகளின் தலைநகர் மஜுரோவில், நோய் வந்தவர் தேடி வரட்டும் என்று காத்திராமல், ஊர் மக்கள் எல்லோரையும் அழைத்துப் பரிசோதித்தார்கள். நமக்கு அந்த அளவு வேண்டாம். முல்லைத்தீவு மாவட்டத்துக்கும் மார்புநோய் சிகிச்சை நிலையம் இருக்கிறது. ஒருவருக்கு நுரையீரல் காசம் உறுதியானால் அவரது வீட்டார் அனைவரும் பரிசோதனைக்குப் போக வேண்டும். அந்த வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால், நோய் இல்லை என்று உறுதியான பின்பும் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள்.