பெரிதெல்லாம் வலிதோ?

இரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் நோக்கி ஏறும் மலைப்பாதையில் வாகனத்துக்கு வேண்டுவது விரைவன்று. எஞ்சின் மெல்லச் சுழலும்போதே சில்லைத் திருப்பவல்ல முறுக்குவிசையாம். பழைய செவர்லே காரொன்றைச் செப்பனிடும் என் முன்னாள் மாணாக்கர் ஒருவர், அகன்ற காற்றுவழியுடைய சிலிண்டர் தலையை வாங்கத் தம் சேமிப்பெல்லாம் செலவிட முனைந்தார். பெரிதே வலிது என்பது அவர் துணிபு. இருவருமாய் மாத்தளையில் முதிய மெக்கானிக் ஒருவரை உசாவினோம். அவர் விளக்கியது இது:

அமெரிக்கச் செவர்லே நிறுவனம் 1965இல் வெளியிட்ட பெரிய எட்டுச் சிலிண்டர் எஞ்சின்களுக்கு இருவகைத் தலைகள் உண்டு. நீள்வட்ட வழியுடையது சிறிது. நீள்சதுர வழியுடையது பெரிது. பின்னது மிகுந்த சுழற்சிக்கே உரியது. குறைந்த சுழற்சியில் அகன்ற வழியிற் காற்றுச் சோம்பிச் செல்லும். எரிபொருளோடு செவ்வனே கலவாது. சிலிண்டரும் நன்கு நிரம்பாது. வாய்க்கால் ஒடுங்குமிடத்தே நீர் விரைவதை வயலிற் காண்கிறோமன்றோ? அங்ஙனமே ஒடுங்கிய வழியிற் காற்று விரைந்து புகும், முறுக்குவிசையும் மிகும்.

"ஐயா, சிறியதே எனக்குப் போதுமோ?" என்றார் மாணாக்கர்.

"போதும் என்னாதே, தம்பி, அதுவே பொருத்தம்" என்றேன்.

நெடுஞ்சொல்லெல்லாம் வல்ல சொல்லாகா. இடமறிந்து சொல்லைத் தேர்கின்ற நாம், பாதையறிந்து கருவியைத் தேர்தலும் கல்வியே.